கம்பியைத் தொடாமலே பாயும் கரண்டு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவுக்கு வந்து பேசுகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். நானோ இன்று ஒரு பீங்கானைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்! நாம் தேநீர் குடிக்கும் பீங்கான் அல்ல அது. மின்சாரக் கம்பத்தின் உச்சியிலும், இரும்புக் கோபுரத்தின் கைகளிலும் கம்பியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறதே, குடை குடையாக அடுக்கிய பீங்கான், அதைப் பற்றித்தான் பேச்சு. வேலை செய்கிறவர்கள் அதை 'இன்சுலேட்டர்' என்பார்கள். மின்சாரத்தைக் கடத்தாத பொருள் என்று நம் பாடநூலில் படித்திருப்பீர்கள்.

இதை ஏன் இந்த மேடையில் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய அப்பாமார்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள். விபத்து ஏதாவது நடந்துவிட்டால் நம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்பியைத் தொடவே இல்லையே, பூட்ஸ்கூட போட்டிருந்தாரே, எப்படிங்க கரண்டு அடிச்சது?" அந்தக் கேள்விக்கு விடை அந்தப் பீங்கானிடம் இருக்கிறது. விடை தெரிந்தால் ஓர் உயிராவது பிழைக்கும். அதனால்தான் பேசுகிறேன்.

நம் ஊரின் காற்று

தெலுக் பங்லிமா காராங் எங்கே இருக்கிறது? கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் நடுவே, கோல லங்காட் வட்டாரத்தில். லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரித்தீவு. அதற்கப்பால் மலாக்கா நீரிணை. கடல் நமக்குத் தூரத்துச் சொந்தமல்ல, பக்கத்து வீடு. கடற்காற்று வீசும்போது வாசம் மட்டுமா வருகிறது? கண்ணுக்குத் தெரியாத உப்பும் சேர்ந்து வருகிறது. தகரக் கூரை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று நாம் சொல்கிறோமே, அந்த உப்புதான்.

உப்போடு நின்றதா? நம்மூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. சாலையில் லாரி ஓடாத நேரமில்லை. ஆகவே புழுதியும் புகையும் உண்டு. வறட்சிக் காலத்தில் ஜொஹான் செத்தியா பக்கம் கரிமண் நிலம் புகைய ஆரம்பித்தால் அந்தப் புகைமூட்டம் நம் வாசலுக்கு வந்துவிடும். 2005 ஆகஸ்ட் 11ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை பிறப்பித்தார்கள் என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த உப்பும் புழுதியும் கரியும் எங்கே போய்ப் படிகின்றன? நம் சன்னலில் படிந்தால் அம்மா துடைத்துவிடுவார். கம்பத்து உச்சியில் இருக்கும் பீங்கானில் படிந்தால் யார் துடைப்பது? கதை அங்கேதான் தொடங்குகிறது.

பீங்கான் செய்யும் வேலை

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஊருக்குள் கம்பத்தில் ஓடுவதில் 11,000 வோல்ட் கம்பியும் உண்டு. அதை 11 கிலோவோல்ட் என்பார்கள். பெரிய இரும்புக் கோபுரங்களில் 132, 275, 500 கிலோவோல்ட் வரை ஓடுகிறது. 1953ஆம் ஆண்டு கிள்ளானுக்கு அருகே கன்னாட் பிரிட்ஜ் மின்நிலையம் திறக்கப்பட்டது. பிறகு 1980களில் காப்பாரில் பெரிய மின்நிலையம் எழுந்தது. இப்படிக் கடலோரத்தில் உண்டாகும் மின்சாரத்தை ஊர் ஊராகக் கொண்டு போகக் கம்பி வேண்டும். கம்பியைத் தூக்கிப் பிடிக்க இரும்பு வேண்டும். இரும்போ கரண்டைக் கடத்தும். கம்பி இரும்பைத் தொட்டால் கரண்டு நேரே மண்ணுக்கு இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே காவலாளாக நிற்பதுதான் இன்சுலேட்டர்.

களிமண்ணோடு வேறு கனிமங்களைக் கலந்து, மேலே பளபளப்பான மெருகு பூசி, 1,200 பாகை செல்சியசுக்கு மேல் சூளையில் சுட்டுச் செய்வது பீங்கான். கெட்டிப்படுத்திய கண்ணாடியிலும் செய்கிறார்கள். தொடக்க காலத்தில் ஒரே பீங்கானைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஓரளவுக்கு மேல் முடியவில்லை. 1907ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹியூலெட், பக் என்ற இரு பொறியாளர்கள், சிறு சிறு தட்டுகளாகச் செய்து சங்கிலி போலக் கோக்கும் வழியைக் கண்டார்கள். அழுத்தம் கூடினால் தட்டைக் கூட்டு! அவ்வளவுதான். இன்றும் கோபுரங்களில் தொங்கும் மாலைகள் அந்த யோசனையின் பிள்ளைகளே.

மாணவர்களே, தட்டின் அடிப்பக்கத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும். அழகுக்கா? இல்லை. மின்சாரம் ஒரு தட்டின் மேனி வழியாக ஊர்ந்து போக வேண்டுமானால் மேலே ஏறி, கீழே இறங்கி, ஒவ்வொரு மடிப்பையும் சுற்றித்தான் போக வேண்டும். ஒரு சாதாரணத் தட்டின் உயரம் 146 மில்லிமீட்டர். அதன் மேனி வழியாகப் போகும் தூரமோ ஏறத்தாழ 292 மில்லிமீட்டர். வழியை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். மடிப்புகளுக்கு அடியில் மழை படாத பகுதியும் கிடைக்கிறது.

எதிரி எப்படி நுழைகிறான்?

இவ்வளவு பலமான பீங்கானை மின்சாரம் எப்படி வெல்கிறது? உள்ளே துளைத்துக்கொண்டு போகிறதா? பெரும்பாலும் இல்லை. உள்ளே வழி இல்லை என்று தெரிந்தால் மேனிமேல் போகிறது! இதைத்தான் 'பிளாஷ் ஓவர்' என்கிறார்கள். மேற்பரப்பு மின்தாவல் என்று சொல்லலாம்.

படிந்த உப்பும் தூசியும் காய்ந்து இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. கனமழை கொட்டினாலும் பயமில்லை. மழை அதைக் கழுவி விட்டுவிடும். ஆபத்து எப்போது தெரியுமா? விடியற்காலைப் பனியில், மெல்லிய தூறலில், மூடுபனியில். கழுவிவிடப் போதாத ஈரம், உப்பைக் கரைக்கப் போதுமான ஈரம். கரைந்த உப்பு மின்சாரத்துக்குப் பாதை. எவ்வளவு உப்பு வேண்டும்? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு போதும், பொறியாளர்கள் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள்.

இனி நடப்பதைத் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். தோட்டத்தில் நீளமான வாய்க்கால் ஒன்று, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சீராக இறங்குகிறது. எந்த இடத்திலும் தனியாக அழுத்தமில்லை. இப்போது நடுவே ஒரே ஓர் இடத்தில் பலகையை இறக்கி அடைத்துவிடுங்கள். மேட்டுத் தண்ணீரின் பாரமெல்லாம் எங்கே வந்து நிற்கும்? அந்த ஒற்றைப் பலகையின்மேல்! பலகை தாங்காவிட்டால் பிய்த்துக்கொண்டு பாயும்.

பீங்கான் மேனியிலும் அதே கதைதான். ஈர உப்பு வழியாகச் சிறிதளவு கரண்டு கசிகிறது. கரண்டு ஓடினால் சூடு உண்டாகும். மேனி குறுகலாக உள்ள இடத்தில் சூடு அதிகம். அங்கே ஈரம் காய்ந்து ஒரு வளையம் போலாகிறது. காய்ந்த வளையம் கரண்டை விடாது. நம் வாய்க்காலில் இறக்கிய பலகை அதுதான். முழு அழுத்தமும் அந்த ஒரு விரற்கடை அகலத்தின்மேல் வந்து விழுகிறது. அங்குள்ள காற்று தாங்க முடியாமல் பொறி பறக்கிறது. அந்தப் பொறியின் சூட்டில் வளையம் இன்னும் அகலமாகிறது, பொறியும் நீள்கிறது. பல நேரம் அது தானே அணைந்துவிடும். அழுக்கும் ஈரமும் மிகுந்திருந்தாலோ, ஒரு பொறி மறு பொறியோடு கைகோத்து, கம்பியிலிருந்து இரும்புவரை ஒரே நெருப்புக் கோடாகிவிடும். அதன்பின் ஓடுவது கசிவு அல்ல, ஆயிரக்கணக்கான ஆம்பியர் வெள்ளம்.

வேடிக்கை என்னவென்றால், எல்லாம் முடிந்த பிறகு ஏறிப் பார்த்தால் பீங்கான் பெரும்பாலும் உடையாமல் அப்படியே இருக்கும். கருகிய தடம் ஒன்று மட்டும் தெரியும். பாதுகாப்புக் கருவிகள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கம்பியை அறுத்துவிட்டு, மீண்டும் சேர்த்துப் பார்க்கும். தூறல் போடும் விடியலில் வீட்டு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டினால், எங்கோ ஒரு பீங்கானில் இது நடந்திருக்கக்கூடும்.

உலகம் பட்ட பாடு

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஈரான் நாட்டில் குசெஸ்தான் என்றொரு மாநிலம். 2017 பிப்ரவரியில் அங்கே புழுதிப் புயல் அடித்தது. பீங்கான்மேல் புழுதி அப்பிக் கிடந்தபோது காற்றில் ஈரம் ஏறியது. அவாஸ் முதலிய நகரங்களில் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றதால் தண்ணீர் இறைக்கும் நிலையங்களும் நின்றன. குடிக்கத் தண்ணீரின்றி மக்கள் திண்டாடினார்கள்.

ஜப்பானில் 1991 செப்டம்பர் இறுதியில் வீசிய சூறாவளி கடலின் உப்பை அள்ளி நிலத்தின்மேல் வீசியது. ஹிரோஷிமா பகுதியில் காற்று ஓய்ந்த பின்னும் மின்தடை ஓயவில்லை. காரணம், பீங்கானில் ஒட்டிய உப்பு.

இந்தியாவின் வடபகுதியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடர்ந்த மூடுபனி இறங்கும். செங்கற்சூளைப் புகையும் ஆலைப் புகையும் வயற்புழுதியும் படிந்த பீங்கான்கள் அந்தப் பனியில் நனையும்போது, உயர் அழுத்தக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோவது பல குளிர்காலங்களில் நடந்திருக்கிறது. 2007-08 குளிர்காலத்தில் தொல்லை மிகுந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான பீங்கான் மாலைகளை இறக்கிவிட்டு, ரப்பர் வகை இன்சுலேட்டர்களை மாட்டினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீர் பாய்ச்சிப் பீங்கானைக் கழுவும் முறையும் அங்கே வந்தது.

நம் மலேசியாவில் மூடுபனி அவ்வளவு இல்லை. ஆனால் இடி உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி முழங்குகிறது. மின்னல் கோபுரத்தில் விழும்போது அந்த ஒரு கணத்தில் இரும்பின் அழுத்தம் கம்பியின் அழுத்தத்தையும் மிஞ்சிவிடும். அப்போது கரண்டு இரும்பிலிருந்து கம்பிக்குப் பின்பக்கமாகத் தாவும்! 1992 செப்டம்பர் 29ஆம் நாள் மின்னல் தாக்கித் தீபகற்ப மலேசியா இருளில் மூழ்கியதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை நம் பீங்கான்களைக் கழுவுகிறது. அது இயற்கை நமக்குத் தரும் இலவச வேலைக்காரன். ஆனால் மழை மேல்புறத்தைத்தான் கழுவும். அடிமடிப்பில் ஒட்டியது அப்படியே இருக்கும். மழையில்லாத வாரங்களில் சேர்ந்த அழுக்கு, முதல் தூறலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

கரும்பலகையில் ஒரு கணக்கு

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். 1986ஆம் ஆண்டு அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஊரின் அழுக்குக்கு ஏற்ப இன்சுலேட்டரின் மேனித் தூரம் இருக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும், நடுத்தர அழுக்குள்ள இடத்தில் 20 மில்லிமீட்டர். அழுக்கு மிகுந்த இடத்தில் 25. கடலை ஒட்டிய மிக மோசமான இடத்தில் 31. இன்று கணக்கிடும் முறை சற்று மாறியிருந்தாலும் அடிப்படை இதுவே.

132 கிலோவோல்ட் கம்பியின் உச்ச அழுத்தம் 145 என்று வைத்துக்கொள்ளுங்கள். 145ஐ 20ஆல் பெருக்கினால் 2,900 மில்லிமீட்டர். தட்டு ஒன்றுக்கு 292 என்றால் 10 தட்டு போதும். அதே கம்பி அழுக்கு மிகுந்த இடத்தில் போனால் 3,625. ஆகவே 13 தட்டு. கடலோரத்தில் 4,495, ஆகவே 16 தட்டு. கம்பி அதே கம்பி, கரண்டு அதே கரண்டு. பத்துத் தட்டு போதுமான வேலைக்குக் கடலோரத்தில் பதினாறு வேண்டியிருக்கிறது. கூடுதலான அந்த ஆறு தட்டும் வெறும் உப்புக்கும் தூசிக்கும் நாம் கட்டும் வரி!

தட்டைக் கூட்டுவது ஒரு வழி. இன்னும் வழிகள் உண்டு. உப்பு நீக்கிய தூய நீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுவார்கள். சிலிக்கோன் பசையைத் தடவி வைப்பார்கள். இப்போது சிலிக்கோன் ரப்பர் இன்சுலேட்டர் பெருகிவிட்டது. சேம்பு இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளுமே, அதுபோல அதன்மேல் தண்ணீர் பரவாது. பரவாத நீர் பாதையாகாது. அதைவிட அதிசயம், அழுக்குப் படிந்தாலும் ரப்பருக்குள்ளிருந்து எண்ணெய் போன்ற பொருள் கசிந்து வந்து அழுக்கையும் தண்ணீர் ஒட்டாததாக்கிவிடும். ஆனாலும் ரப்பர் வெயிலிலும் பொறியிலும் மூப்படையும். அதையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். பராமரிப்பு இல்லாமல் பிழைக்கும் பொருள் உலகில் இல்லை.

குலை வெட்டும் அண்ணன்மார்களுக்கு

இனிதான் நான் சொல்ல வந்த முக்கியமான சங்கதி. தூக்கம் வந்தவர்கள் கொஞ்சம் விழித்துக்கொள்ளுங்கள்!

மடிப்பு மடிப்பாகச் செய்து, மெருகு பூசி, சூளையில் சுட்ட பீங்கானே மேனி அழுக்காகி நனைந்தால் காவலை விட்டுவிடுகிறது. அப்படியிருக்க, நாம் நம்பிக்கொண்டிருக்கும் பூட்ஸ், கையுறை, மூங்கில் இவையெல்லாம் எம்மாத்திரம்?

"ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கேன், கரண்டு அடிக்காது" என்று சொல்கிறவர்கள் உண்டு. உரமும் சேறும் அப்பி, காலைப் பனியில் நனைந்த பூட்ஸின் மேனியை நினைத்துப் பாருங்கள். அது ரப்பர் அல்ல, ஈரப் பாதை. "மூங்கில்தானே, கம்பி இல்லையே" என்பார்கள். காய்ந்த மூங்கில் வேறு, மழையில் நனைந்த மூங்கில் வேறு. மனிதனைக் கொல்ல வெள்ளம் போன்ற கரண்டு வேண்டியதில்லை. 30 மில்லிஆம்பியர் அளவே ஆபத்து. பீங்கான் மேனியில் பொறி பறக்கத் தொடங்கும்போது கசியும் கரண்டே அதற்கு மேல் போகக்கூடும்.

மின்கம்பியில் வேலை செய்யும் தேர்ந்த ஆட்கள் கண்ணாடி இழைக் கழியைப் பயன்படுத்துவார்கள். விலை கூடியது, சோதித்துப் பார்த்தது. அதையும் ஒவ்வொரு முறையும் துடைத்து, ஈரமில்லை என்று உறுதி செய்த பிறகே எடுப்பார்கள். மழை வந்தால் வேலையை நிறுத்துவார்கள். அவர்களுக்கே அந்தப் பயம் இருக்கும்போது நாம் எதை நம்பி அலட்சியம் செய்வது?

நம் கையில் இருப்பதோ அலுமினியக் கழி. அதற்குப் பனியும் வேண்டாம், உப்பும் வேண்டாம். காய்ந்திருந்தாலும் கரண்டைக் கடத்தும். மரம் உயர உயரக் கழியும் நீளுகிறது. பத்து மீட்டர் நீளமுள்ள கழியைத் தோளிலிருந்து நிமிர்த்தினால் ஊர்க் கம்பத்துக் கம்பியைத் தாண்டிப் போகும். கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. உயர் அழுத்தக் கம்பிக்கு மிக அருகே போனால் காற்றையே தாண்டிப் பாயும். ஆகவே இவற்றை மனத்தில் எழுதி வையுங்கள்:

கழியை நிமிர்த்துவதற்கு முன் தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேலே கம்பி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கழி எழ வேண்டும்.

கம்பத்துக் கம்பியிலிருந்து கழியின் எந்த நுனியும் 3 மீட்டருக்குள் வரக் கூடாது. இரும்புக் கோபுரக் கம்பி என்றால் 6 மீட்டராவது விலகியிருங்கள்.

கம்பியின்மேல் சாயக்கூடிய மட்டையையோ மரத்தையோ நீங்களாக வெட்டாதீர்கள். மண்டோரிடம் சொல்லுங்கள், நிர்வாகம் மின்வாரியத்துக்குத் தெரிவித்துக் கரண்டை நிறுத்திய பிறகு வெட்டட்டும். "ஒரே ஒரு மட்டைதானே" என்ற வார்த்தை வேண்டாம்.

கோபுரக் கம்பிக்குக் கீழே குப்பையோ மட்டையோ கொளுத்தாதீர்கள். சூடேறிய காற்றும் கரியும் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே கரண்டுக்குப் பாலம் போடும்.

கம்பி அறுந்து விழுந்து கிடந்தால் 10 மீட்டருக்குள் போகாதீர்கள். பக்கத்தில் இருந்துவிட்டால் இரு கால்களையும் சேர்த்து வைத்துச் சிறிது சிறிதாக நகர்ந்து விலகுங்கள். நீட்டி அடி வைத்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே மண்ணிலேயே கரண்டு ஏறும். டிராக்டரிலோ லாரியிலோ கம்பி விழுந்தால், தீப்பிடிக்காதவரை உள்ளேயே இருங்கள். 15454 என்ற தெனாகாவின் எண்ணுக்கும் 999க்கும் தகவல் கொடுங்கள். அடிபட்டவரை உடனே தொட்டுத் தூக்கத்தான் மனம் துடிக்கும். கரண்டை நிறுத்தாமல் தொட்டால் ஒரு வீட்டுத் துக்கம் இரண்டு வீட்டுத் துக்கமாகும்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பி போகும் நிரையில் குலை வெட்ட ஆளை அனுப்புவதற்கு முன், அங்கே எந்த மரம், எந்தக் கம்பி என்று அடையாளமிட்டு வைப்பது உங்கள் கடமை. தொழிலாளியின் கவனத்தை மட்டும் நம்பி விட்டுவிடுவது நியாயமாகாது.

தாய்மார்களுக்கு

இது கோபுரத்துக் கதை மட்டும் என்று எண்ணாதீர்கள், அம்மா. இதன் குட்டிக் கதை ஒன்று வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. சாமி மேடையைப் பாருங்கள். வண்ண பல்பு எரிகிறது. அதன் பிளக்கும் நீட்டு வயரும் படத்துக்குப் பின்னால் கிடக்கின்றன. விளக்கெண்ணெய் தெறிக்கிறது, திருநீறு பறக்கிறது, சாம்பிராணிப் புகை படிகிறது. வருடக் கணக்கில் பிளக்கைக் கழற்றித் துடைத்ததில்லை. ஈரக் காலத்தில் அந்த அழுக்கின்மேல் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பொறி ஓடும். ஓடி ஓடி பிளாஸ்டிக்கைக் கருக்கிக் கரிக்கோடு போடும். கரி கரண்டைக் கடத்தும். ஒருநாள் தீப்பிடிக்கும். இந்தப் பொறி இரு முனைகளுக்கு நடுவே மட்டும் ஓடுவதால் மண்கசிவைக் கண்டு அறுக்கும் பாதுகாப்புக் கருவிகூட இதை உணராமல் போகலாம்.

மருந்து என்ன? செலவில்லாத மருந்துதான். மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, காய்ந்த துணியால் துடையுங்கள். கருகிய தடமோ தீய்ந்த வாடையோ இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். குளிர்ப்பெட்டிக்குப் பின்புறத்தையும், தண்ணீர்க் குழாய்க்கு அருகில் உள்ள பிளக்கையும் மறக்காதீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கு

பிள்ளைகளே, உண்டிவில்லால் கம்பத்துப் பீங்கானைக் குறிபார்க்கும் வீரம் வேண்டாம். ஒரு தட்டு உடைந்தால், அதன் பாரத்தையும் சேர்த்து மற்றத் தட்டுகள் சுமக்க வேண்டும். மழை தூறும் நாளில் அந்தச் சங்கிலிதான் முதலில் தோற்கும். கம்பி பக்கம் பட்டம் விடாதீர்கள். பட்டத்து நூல் காய்ந்திருந்தால் நூல். நனைந்துவிட்டால் அதுவும் கம்பிதான். மாட்டிக்கொண்ட பட்டத்தை எடுக்க யாரும் ஏறக் கூடாது. பட்டம் போனால் இரண்டு வெள்ளி. நீ போனால் உன் அம்மாவுக்கு யார்?

அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். மூடுபனி இறங்கிய காலையில் மின்நிலையத்தின் வேலிக்கு வெளியே பாதுகாப்பான தூரத்தில் நடந்து போனால் 'சர்ர்' என்று எண்ணெயில் கடுகு பொரிவது போல் ஒரு சத்தம் கேட்கும். அடுத்த முறை அதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடாமல், "இது ஏன்?" என்று உங்கள் அறிவியல் ஆசிரியரைக் கேளுங்கள். 10 தட்டா, 13 தட்டா, 16 தட்டா என்று முடிவு செய்கிற நாற்காலியில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் உட்கார வேண்டும். அந்தக் கணக்கு இந்தப் பள்ளியில் நீங்கள் படிக்கும் பெருக்கலும் வகுத்தலும்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெரியோர்களே, மின்சாரம் பீங்கானை உடைத்துக்கொண்டு வருவதில்லை. நாம் துடைக்காமல் விட்ட தூசியின்மேல், நாம் கவனிக்காமல் விட்ட ஈரத்தின்மேல் ஊர்ந்து வருகிறது. தூசியைத் தடுக்க நம்மால் முடியாது. கடலையும் நகர்த்த முடியாது. ஆனால் நாளைக் காலை பனியில் நனைந்த தோட்டத்துக்குள் நுழையும்போது, கழியைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பார்க்க முடியும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளை வாங்கிய பரிசைப் பாராட்டுங்கள். பாராட்டிவிட்டு, "நாளைக்கு மேலே பார்த்து வேலை செய்யுங்கப்பா" என்று அந்தப் பிள்ளையின் வாயாலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.